எர்த் கிளாம்பின் மூன்றாவது பல்

இது நடந்தது. நடந்ததுதானா என்று என்னையே நான் ஒன்பது முறை கேட்டுவிட்டேன். ஒன்பது முறையும் என் நோட்டைத் திறந்து பார்த்தேன். தேதி இருக்கிறது. நேரம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையது. என் ஞாபகத்தை நான் நம்பமாட்டேன். நோட்டை நம்புவேன். அதனால் நோட்டில் உள்ளதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் அன்புக்கரசி. வீடு வியாசர்பாடி. பகலில் தண்டையார்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகும் பூட்டினேனா என்று சந்தேகம் வரும். இரண்டு முறை பாதி வழியில் இறங்கித் திரும்பிப் போயிருக்கிறேன். பூட்டியே இருந்தது. இந்தச் சந்தேகத்துக்கு மருந்தாகத்தான் எல்லாவற்றையும் எழுதி வைக்க ஆரம்பித்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இப்படிப்பட்ட ஒருத்தி சொல்வதை எப்படி நம்புவது என்று நீங்கள் கேட்டால், நியாயம்தான். அந்த வாரம் முழுக்க நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

போன நவம்பர். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் ராசையா அண்ணாச்சியின் இரும்புக் கடை. அதன் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அங்கே மாலை நேர வெல்டிங் வகுப்பு. திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறரை மணி முதல் எட்டரை வரை. ஆறு பேர் படித்தோம். இரண்டு பேருக்கு ஒரு மெஷின்.

சொல்லிக் கொடுத்தவர் ஹென்றி மாஸ்டர். ராயபுரத்துக்காரர். அறுபது வயது இருக்கும். எண்ணூர்ப் பக்கம் இப்போது மூடிக் கிடக்கும் ஒரு கப்பல் யார்டில் முப்பது வருஷம் ஃபோர்மேனாக இருந்தவர். வேலை தெரிந்தவர். கோபம் வந்தால் கை நீட்டுகிறவர். முதல் வாரம் ஒரு பையன் கிளவுஸ் போடாமல் வெல்டிங் கம்பியான ராடைப் பிடித்தான். மாஸ்டர் அவன் கையைப் பிடித்தார். எரிந்து முடிந்த ராடின் சிவந்த நுனியை எடுத்து அவன் கட்டைவிரல் நகத்தில் வைத்தார். ஒரு நொடிதான். அந்த வாசனை எட்டரை மணி வரை கொட்டகையில் இருந்தது. அதற்குப் பிறகு யாரும் கிளவுஸை மறக்கவில்லை.

என் ஜோடி பாரி அண்ணன். புளியந்தோப்பு. வண்டியில் சாப்பாடு டெலிவரி செய்கிறவர். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை டெஸ்ட்டில் தேறிவிட்டால் எண்ணூரில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் திங்கட்கிழமையே வேலை என்று சொல்லியிருந்தார்கள். நான் எதற்கெடுத்தாலும் நோட்டைத் திறப்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் டீச்சரம்மா.

வெல்டிங் மெஷினிலிருந்து இரண்டு கேபிள் வரும். ஒன்றின் முனையில் ராடைப் பிடிக்கும் ஹோல்டர். இன்னொன்றின் முனையில் முதலை வாய் மாதிரி ஒரு பிடி. அதுதான் எர்த் கிளாம்ப். வெல்டு வைக்கிற இரும்பை, வெல்டு வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது கவ்வியிருக்க வேண்டும். கரண்ட் ராடு வழியாக வந்து கிளாம்ப் வழியாகத் திரும்பிப் போகும். போக வழி இல்லாவிட்டால் வேறு வழி தேடும். ஈர உடம்பு அதற்கு நல்ல வழி. "எம்பது வோல்ட்டு இன்னா பண்ணும்னு நெனைக்காத" என்பார் மாஸ்டர். "ஈரத்துல அது போதும்."

அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார்டு வழக்கம். ஹோல்டர் பிடித்தவர் "எர்த்து?" என்று கேட்க வேண்டும். கிளாம்ப் போட்டவர் அதைக் கையால் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "போட்டாச்சு" என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான் சுவரோரம் நிற்கும் மாஸ்டர் சுவிட்சை மேலே தள்ளுவார்.

பாரி அண்ணன் ஹோல்டர். நான் எர்த்.

அவர் உயிர் என் வாயிலிருந்து வரும் ஒரு வார்த்தையில் இருந்தது. பூட்டிய வீட்டைப் பூட்டினேனா என்று திரும்பிப் போகிறவளிடம் இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

நவம்பர் 3, திங்கள்

வகுப்புக்கு முன்னால் சாமான்களை எல்லாம் பட்டியல் போடச் சொன்னார் மாஸ்டர். கோடு போட்டு எழுதினேன். பொருள், நிலை, வந்த இடம். இரண்டாம் நம்பர் மெஷின், பழையது, அண்ணாச்சி ஏலத்தில் எடுத்தது. கேபிள் இரண்டு, புதியது. ஹோல்டர், புதியது. எர்த் கிளாம்ப், பித்தளை, நல்ல கனம். கீழ்த் தாடை மொட்டை. மேல் தாடையில் ஏழு பல்லுக்கு இடம். மூன்றாவது பல் இல்லை, ஒடிந்திருக்கிறது. வந்த இடம் தெரியவில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டேன். 'கேட்க வேண்டும்.'

பல் இடுக்கில் ஏதோ வெள்ளையாக அடைத்திருந்தது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. கூடவே நகம் அளவுக்கு ஒரு கிளிஞ்சல் துண்டு. கடலோரத்துச் சந்துதானே என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் துண்டை ஏனோ செல்லோ டேப்பால் அதே பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

6.52. மேசையின் இடது ஓரத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து கிளாம்ப் போட்டேன். இழுத்துப் பார்த்தேன். சொன்னேன்.

7.05. ராடு விட்டு விட்டு எரிந்தது. மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டு வந்து பார்த்தார். கிளாம்ப் மேசை ஓரத்தில் இல்லை. மேசையின் காலில், துருவின் மேல் இருந்தது.

நான்தான் தப்பாகப் போட்டிருப்பேன் என்று நினைத்தேன். இரும்பு ஸ்கேலின் விளிம்பால் என் விரல் முட்டியில் இரண்டு அடி விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

இந்த முறை சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டேன். வட்டத்துக்குள் கிளாம்ப். மணி 6.58. மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன். பிடி உறுதியாக இருந்தது. அதன் பிறகுதான் சொன்னேன்.

ராடு பிடித்தது. சட்டியில் எண்ணெய் கொதிக்கிற மாதிரி ஒரே சீரான சத்தம். அந்த வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. அதனால் முகத்தைத் திருப்பி எதிர்ச் சுவரைப் பார்த்தேன். தகரத்தில் எங்கள் நிழல்கள் பெரிதாக விழுந்திருந்தன. குனிந்திருந்தது பாரி அண்ணன். நோட்டு வைத்திருந்தது நான். ஸ்டூலில் மாஸ்டர்.

மாஸ்டர் பக்கத்தில், தரையோடு தரையாக, மண்டியிட்டு இன்னொன்று.

எண்ணினேன். நான்கு.

மறுபடி எண்ணுவதற்குள் வெல்டு நின்றுவிட்டது. மணி 7.18. வெளிச்சம் போனது. நிழல்களும் போய்விட்டன. வேறு ஜோடிக்காரர் யாராவது வந்திருப்பார்கள் என்று திரும்பினேன். மற்ற நாலு பேரும் கொட்டகையின் அந்தக் கோடியில் இருந்தார்கள்.

சாக்பீஸ் வட்டம் அப்படியே இருந்தது. உள்ளே கிளாம்ப் இல்லை. கேபிள் தரையில் இழுபட்டுப் போயிருந்தது. மாஸ்டர் உட்கார்ந்திருந்த இரும்பு ஸ்டூலின் காலைக் கவ்வியிருந்தது அது. அவர் பூட்ஸிலிருந்து நாலு விரல் தூரம்.

"டீச்சரம்மா, உன் எர்த்து காலாற நடந்துகினு போவுதே" என்றார் பாரி அண்ணன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. என்னை அடிக்கவும் இல்லை. கிளாம்பைப் பிடுங்கிச் சுவரில் ஓங்கி வீசினார். பிறகு கால்களைத் தூக்கி ஸ்டூலின் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தேன். எழுதி வைத்தேன். அர்த்தம் அப்போது தெரியவில்லை.

வேறு கிளாம்ப் வாங்கலாமா என்று கேட்டேன். உன் கவனம் சரியில்லை, கிளாம்புக்கு என்ன என்று முறைத்தார்.

நவம்பர் 5, புதன்

மழை. கூரை ஒழுகியது. மேசைக்கு முன்னால் ரப்பர் பாய் விரித்தேன். கேபிள் முழுக்கத் தடவிப் பார்த்தேன், வெட்டு எதுவும் இல்லை. நட்டுகள் முறுக்கமாக இருந்தன. ராடு கனம் மூன்றேகால் எம்.எம்., ஆம்பியர் நூறு. மணல் வாளி பக்கத்தில். எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.

7.12. நான் இன்னும் கிளாம்ப் போடவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். வலது கையில் கிளாம்பைப் பிடித்திருந்தேன். கிளவுஸ் ஒழுகலில் நனைந்திருந்தது. இடது கையை மேசையில் ஊன்றி, எங்கே போடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எர்த்து?" என்றார் பாரி அண்ணன்.

நான் வாயைத் திறக்கவில்லை.

"போட்டாச்சு."

ஆண் குரல். என் தோளுக்குப் பின்னாலிருந்து.

டக். சுவிட்ச். மெஷின் உறுமத் தொடங்கியது. பாரி அண்ணன் ராடை இறக்கினார்.

யாரோ இரண்டு கைகளையும் பிடித்து இரண்டு பக்கமும் பிய்த்த மாதிரி இருந்தது. பல் கிட்டியது. நாக்கு இடையில் மாட்டியது. கத்த முடியவில்லை. கைகளை எடுக்கவும் முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. எழுத முடியவில்லை. முழங்கால் மடங்கி நான் விழுந்ததால்தான் கை மேசையை விட்டது. வாய் நிறைய ரத்தம்.

மாஸ்டர் ஓடி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கினார். கன்னத்தில் அறைந்தார்.

"போடாம ஏண்டி போட்டாச்சுன்ன?"

நான் சொல்லவில்லை என்றேன். ரத்தத்தோடு சொன்னேன்.

"அவ சொல்லல மாஸ்டர்" என்றார் பாரி அண்ணன். "நீ தானே சொன்ன. உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

மாஸ்டர் காலரை விட்டார். பின்னால் போய்ச் சுவிட்சை அணைத்தார். அன்று வகுப்பு 7.20-க்கே முடிந்தது.

அன்றைக்கு நோட்டில் கடைசி வரி: 'நான் சொல்லவில்லை.' அதற்குக் கீழே, வீட்டுக்குப் போய் எழுதியது: 'சொல்லியிருப்பேனோ?'

வியாழக்கிழமை மாஸ்டர் வரவில்லை. டெஸ்ட் வெள்ளிக்கிழமைதான், மாற்றமில்லை என்று மட்டும் அண்ணாச்சியிடம் சொல்லி அனுப்பினார்.

நவம்பர் 7, வெள்ளி

காலையிலிருந்தே மழை. மற்ற ஜோடிகளின் டெஸ்ட் 7.20-க்கு முடிந்துவிட்டது. அவர்களை அனுப்பிவிட்டார் மாஸ்டர். கொட்டகையில் மூன்று பேர். அவர், பாரி அண்ணன், நான்.

டெஸ்ட் மேசையில் இல்லை. ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி, மரக்கட்டைகளின் மேல் படுக்க வைத்திருந்தது. ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வட்ட வாய். இடுப்பு வரை உள்ளே போய்ப் படுத்துக்கொண்டு உட்பக்கத்து இணைப்பை வெல்டு வைக்க வேண்டும். கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கம்பெனியில் அப்படித்தான் வேலை இருக்குமாம்.

பாரி அண்ணன் மழையில் டெலிவரி முடித்து நேராக வந்திருந்தார். பேன்ட் முட்டி வரை நனைந்திருந்தது. ஈரத்தோடு இரும்புக்குள் போகக் கூடாது, துணி மாற்றட்டும் என்று மாஸ்டரிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

"யார்டுல மழை பேஞ்சா வேலைய நிறுத்துவானா?" என்றார். சாராய வாடை அடித்தது.

"உடு டீச்சரம்மா. எட்டு மணிக்குள்ள முடிச்சிட்டு வூட்டுக்குப் போவணும். பாப்பாக்கு ஜொரம்" என்றார் பாரி அண்ணன். முகத்தை மறைக்கும் ஷீல்டை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் போனார்.

7.36. தொட்டியின் வாய்க்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் காது நீட்டிக்கொண்டிருந்தது. தூக்குவதற்கான காது. அதைப் பளபளவென்று தேய்த்தேன். கிளாம்பைப் போட்டேன்.

7.38. இழுத்துப் பார்த்தேன். மூன்று தடவை.

7.39. கட்டுக்கம்பி எடுத்துக் கிளாம்பையும் காதையும் சேர்த்துக் கட்டினேன். மூன்று முறுக்கு. குறடால்.

7.41. மறுபடி இழுத்தேன். அசையவில்லை. நோட்டில் எழுதினேன். 'போட்டேன். கட்டினேன். இழுத்தேன்.'

தொட்டிக்குள்ளிருந்து பாரி அண்ணனின் குரல் வந்தது. இரும்புக்குள் அது பெரிதாகக் கேட்டது.

"எர்த்து?"

மாஸ்டர் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டால் முடிந்தது. போட்டிருக்கிறேன். கட்டியிருக்கிறேன். எழுதியிருக்கிறேன்…

ஆனால் பூட்டு. பூட்டினேனா?

திரும்பிப் பார்த்தேன்.

இரும்புக் காதில் கட்டுக்கம்பி இருந்தது. மூன்று முறுக்கும் இருந்தது. இறுக்கமாக, வட்டமாக, நடுவில் ஒன்றுமில்லாமல்.

கேபிள் தரையில் வளைந்து போயிருந்தது. அதன் வழியே கண்ணை நகர்த்தினேன்.

பாரி அண்ணனின் இடது கணுக்கால். ஷூவுக்கு மேலே. ஈர பேன்ட்டோடு சேர்த்துக் கவ்வியிருந்தது.

அவர் அசையவே இல்லை. அவருக்குத் தெரியவில்லை.

"எர்த்து இன்னா ஆச்சு?"

7.43.

மாஸ்டரைப் பார்த்தேன். நேராக, முகத்தைப் பார்த்தேன். அவர் உதடு ஒட்டியிருந்தது.

அவர் குரல் வந்தது.

அவரிடமிருந்து இல்லை. தொட்டியின் வாயிலிருந்து. கீழேயிருந்து. யாரோ மண்டியிட்டிருக்கும் உயரத்திலிருந்து.

"போட்டாச்சு."

கூடவே ஒரு சிரிப்பு.

மாஸ்டரின் முகம் வெளுத்தது. ஆனால் கை… முப்பது வருஷப் பழக்கம். அந்த வார்த்தையைக் கேட்டால் மேலே போகும் கை.

போனது.

நான் "இல்ல" என்று கத்தினேன். அந்தக் கொட்டகையில் யாரும் சொல்லாத வார்த்தை.

கை நிற்கவில்லை.

மேசையில் கசடு தட்டும் சுத்தியல் இருந்தது. எடுத்தது ஞாபகம் இல்லை. மூன்று எட்டு ஓடியது ஞாபகம் இல்லை. அடித்தது ஞாபகம் இருக்கிறது. மணிக்கட்டில். கூர்முனைப் பக்கம்.

காய்ந்த குச்சி ஒடிகிற சத்தம்.

மறுபடி அடித்தேன்.

கை சுவிட்சை விட்டது.

மாஸ்டர் ஊளையிட்டபடி சரிந்தார். சுவரில் ரத்தம் தெறித்திருந்தது. சுவிட்ச் கீழேதான் இருந்தது. அணைந்துதான் இருந்தது. பார்த்தேன். தொட்டும் பார்த்தேன்.

பாரி அண்ணன் தொட்டியிலிருந்து பின்னால் ஊர்ந்து வெளியே வந்தார். ஷீல்டைத் தூக்கினார். கீழே கிடந்த மாஸ்டரைப் பார்த்தார். என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தார்.

நான் அவர் காலைக் காட்டினேன்.

காலில் ஒன்றுமில்லை.

கிளாம்ப் இரும்புக் காதில் இருந்தது. நான் போட்ட இடத்தில். கட்டுக்கம்பியோடு. மூன்று முறுக்கோடு.

அந்த நிமிஷத்தை என்னால் சரியாக எழுத முடியாது. ஒன்றுமில்லாததற்கு ஒரு மனிதனின் கையை உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். எல்லாம் என் தலைக்குள்தான் என்று நினைத்தேன். மாஸ்டர் எழுந்து வந்தார். உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மற்ற கையால் என்னை அறைந்தார். உதடு கிழிந்தது. மறுபடி அறைந்தார். நான் தடுக்கவில்லை. அடிக்கட்டும் என்று நின்றேன்.

மூன்றாவது அறைக்குக் கை ஓங்கியபோது பாரி அண்ணன், "இரு மாஸ்டர்" என்றார். குனிந்து பேன்ட்டைச் சுருட்டினார். "இன்னாமோ கடிச்ச மாரி வலிக்குது."

கணுக்காலின் மேல் வரிசையாகப் பல் தடம். இரண்டு. பிறகு ஓர் இடைவெளி, அங்கே தோல் முழுசாக இருந்தது. பிறகு நான்கு. ஆறிலும் ரத்தம் துளிர்த்திருந்தது.

மாஸ்டரின் கை ஓங்கியபடியே நின்றது.

"மூணாவது பல்லு?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். கால்களைத் தூக்கிக் குறுக்குக் கம்பியில் வைத்துக்கொண்டார். கேட்காமலே சொன்னார். யார்டில் ஒரு விளையாட்டு உண்டாம். அசந்து உட்கார்ந்திருப்பவனின் பூட்ஸில் எர்த் கிளாம்பை மாட்டிவிடுவார்கள். அவன் எழுந்து நடந்தால் கேபிள் வால் மாதிரி இழுபடும். எல்லோரும் சிரிப்பார்கள். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால், பார்ஜ் என்கிற ஒரு சரக்குப் படகின் டேங்க்கில் சின்னப்பையன் என்று ஒரு வெல்டர் வேலை செய்துகொண்டிருந்தார். நாற்பது வயது. உள்ளே படுத்திருந்தார். கால் வெளியே இருந்தது.

"வெளாட்டுக்குத்தான் மாட்டுனேன். எர்த்துன்னு கேட்டான். போட்டாச்சுன்னேன். ராடு புடிக்காது, திட்டுவான், சிரிக்கலாம்னு…" மூச்சு வாங்கினார். "காலு ரெண்டும் தகரத்துல ஒதைச்சிகினே இருந்துது. அவனும் வெளாடுறான்னு நெனைச்சோம். சிரிச்சிகினே இருந்தோம். நின்ன பொறவுதான்…"

எழுந்து மழையில் நடந்து போய்விட்டார். 8.04.

கிளாம்பைக் கழற்றிச் சாமான் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன்.

பிறகு தெரிந்தவை

நவம்பர் 9, ஞாயிறு. காலை 10.30. பட்டியலில் ஒரு கட்டம் காலியாக இருந்தது என்று சொன்னேன் இல்லையா. அதை நிரப்ப ராசையா அண்ணாச்சியிடம் போனேன். கிளாம்ப் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"கிளாம்பா? ஏலத்துல மெஷினு மட்டுந்தானம்மா வந்துச்சு. கேபிளும் ஹோல்டரும் நான் வாங்கினது. கிளாம்பு ஹென்றி கொண்டாந்ததுன்னுல்லா நெனச்சேன்."

மாஸ்டர் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மகள் எடுத்தார். மணிக்கட்டில் இரண்டு எலும்பு உடைந்திருக்கிறதாம். படியில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். படுக்கையிலும் பூட்ஸைக் கழற்றவிடமாட்டேன் என்கிறாராம். கிளாம்பைப் பற்றிக் கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வந்தார். அது அண்ணாச்சியுடையது என்றாராம்.

சின்னப்பையனின் மனைவி குப்பம்மா எர்ணாவூரில் இட்லிக் கடை வைத்திருக்கிறார். அண்ணாச்சிதான் வழி சொன்னார். போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நோட்டைத் திறந்து பட்டியலைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பித்தளைக் கிளாம்ப், மூன்றாவது பல் இல்லை என்று படித்துச் சொன்னேன்.

கரண்டியைக் கீழே வைத்தார்.

அது தன் கணவர் காலை விட்டு வரவே இல்லையாம். ஆஸ்பத்திரியில் அந்த ஃபோர்மேன்தான் கம்பியை விட்டு நெம்பி எடுத்தாராம். அப்போது ஒரு பல் ஒடிந்தது. "எலும்புலயே தங்கிப்போச்சும்மா. எடுக்கல. அத்தோடதான் பொதைச்சோம்." சாப்பாட்டு டப்பா, செருப்பு, இதெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்களாம். பைக்குள் அந்தக் கிளாம்பும் இருந்தது. "வூட்ல வெச்சிக்கிற பொருளா அது? பதினாறாம் நாள் முடிஞ்சதும் திருவொத்தியூரு கடக்கரைக்குப் போனேன். கல்லு மேல ஏறி கடல்ல வீசிட்டேன். என் கையால வீசினேன்."

டேப்புக்குக் கீழே ஒட்டியிருந்த கிளிஞ்சல் துண்டை என் விரல் மூடியிருந்தது. விரலை எடுக்கவில்லை.

மறுநாள் கொட்டகைக்குப் போனேன். பெட்டி பூட்டியே இருந்தது. சாவி என்னிடம்தான் இருந்தது. திறந்தேன். கிளாம்ப் இல்லை. அடித் தகரத்தில் கொஞ்சம் ஈர மணல்.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

டெஸ்ட் முடியாவிட்டாலும் தேறியதாக மாஸ்டர் சொல்லி அனுப்பியதால், பாரி அண்ணனுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. ஆனால் கால் வீங்கிக்கொண்டே போனது. நவம்பர் 13, வியாழன், மாலை 5.15-க்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். நானும் கூடப் போயிருந்தேன். காலில் ஆணி ஏதாவது ஏறியதா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றோம். அவர் மறுபடி காலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தத் தடமெல்லாம் மேல்தோலோடு நிற்கிறது, ஏறிய இடம் தெரியவில்லையே என்றார்.

எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். எலும்பை ஒட்டி, கூம்பு மாதிரி, வெள்ளையாக ஒன்று. நெல் அளவு. காலோடு வைத்துப் பார்த்தோம். இரண்டாவது தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவில். தோல் முழுசாக இருந்த இடத்துக்கு நேர் கீழே.

நான் பழக்கத்தில் எண்ணினேன். வெளியே ஆறு. உள்ளே ஒன்று.

மறுபடி எண்ணினேன். சரியாகத்தான் இருந்தது.